பச்சைக் கம்பியை வெட்டியவர்

பிளக்கைத் திறந்து, உள்ளே இருந்த மூன்று கம்பிகளில் பச்சையை மட்டும் வெளியே இழுத்து, கட்டரால் நறுக்கித் துண்டை மேஜைமேல் போட்டார் எங்கள் சீஃப் இன்ஜினியர். விரல் நீளம்கூட இருக்காது அந்தத் துண்டு. எழுபதுகளின் கடைசி, கல்கத்தாவில் ஜாதவ்பூர் பக்கத்தில் மின்சாதனங்கள் செய்யும் ஒரு கம்பெனியின் சோதனை அறை. போன மாதம் அவர் காலமாகிவிட்டார். நினைவு மலருக்கு நல்லதாக நாலு வார்த்தை எழுதித் தரும்படி லேக் கார்டன்ஸ் தமிழர்கள் கேட்டார்கள். என்னிடம் இருப்பது இதுதான்.

எனக்கு அந்த வேலையை வாங்கித் தந்தவர் அவர். அதை ஒருநாளும் மறக்க விட்டதில்லை. எங்கள் வீட்டுக்கு வந்தால் அப்பா எழுந்து நிற்பார். இவர் காபியை ஆற்றிக்கொண்டே, "ஒங்க பொண்ணுக்கு சால்டரிங் அயர்னை எந்தப் பக்கம் பிடிக்கணும்னே நான்தான் சொல்லிக் குடுத்தேன்" என்பார். பச்சைப் பொய். அப்பா கையைக் கட்டிக்கொண்டு சிரிப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அப்போது நாங்கள் ஒரு புதுவகை பவர் சப்ளையில் இறங்கியிருந்தோம். பழைய வகையில், சுவரிலிருந்து வரும் மின்சாரம் முதலில் ஒரு கனத்த இரும்பு டிரான்ஸ்ஃபார்மருக்குள் போகும். அதற்கு இந்தப் பக்கம் நாம் தொடுவது எதற்கும் மெயின் லைனோடு நேர்த்தொடர்பு இருக்காது. புதியது அப்படியல்ல. வந்த மின்சாரத்தை அப்படியே நேர்மின்சாரமாக்கி, ஒரு டிரான்சிஸ்டர் அதை நொடிக்குப் பல்லாயிரம் தடவை திறந்து மூடும். அந்த வேகத்தால் தீப்பெட்டி அளவு டிரான்ஸ்ஃபார்மரே போதும். ஆனால் முன்பாதி முழுக்க மெயின் லைனோடு ஒட்டிக்கொண்டிருக்கும். அங்கே, மின்னலையைத் திரையில் வரைந்து காட்டும் ஆஸிலாஸ்கோப்பின் எர்த் கிளிப்பை மாட்டினால் வெடிதான். தடுப்பதற்கு நடுவில் ஓர் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் வைக்க வேண்டும். வாங்கித் தரச் சொல்லிக் கேட்டேன்.

"அதெல்லாம் கேட்டா மேலே சிரிப்பா. ஒரு கையைப் பாக்கெட்ல வெச்சுண்டு வேலை பண்ணத் தெரியாதா நோக்கு?" என்றார். இரண்டு கையும் பட்டால்தான் மின்சாரம் நெஞ்சு வழியே பாயும் என்பது அவர் கணக்கு. அப்புறம்தான் ஸ்கோப்பின் எர்த்தான பச்சைக் கம்பியை வெட்டினார். எர்த் போய்விட்டதால் வெடிக்கவில்லை. அலை திரையில் அழகாக வந்தது. ஸ்கோப்பின் இரும்பு உடம்பு முழுவதும் மெயின் லைன் ஏறி உட்கார்ந்திருந்தது. அதை எங்கள் டெக்னீஷியனிடம் அவர் சொல்லவில்லை. அவர் வெட்டியதைப் பார்த்த நான் மறுநாள் கிடர்பூர் துறைமுகத்துக்கு உதிரிபாகங்கள் எடுக்கப் போயிருந்தேன்.

டெக்னீஷியன் வங்காளி, என்னைவிடப் பத்து வயது மூத்தவர், ஆனாலும் என்னை திதி, அக்கா என்றுதான் கூப்பிடுவார். அன்று இடது கையால் இரும்பு ராக்கைப் பிடித்துக்கொண்டு, வலது கையால் ஸ்கோப்பின் கைப்பிடியைப் பற்றித் திருப்பியிருக்கிறார். யாரோ மெயினை அணைத்ததால் உயிர் தங்கியது. வலது உள்ளங்கை வெந்துபோயிற்று.

விபத்துக்கு மறுநாள் மேனேஜர் அறையில் விசாரணை. சொன்னதைக் கேட்காமல் டெக்னீஷியன் தன்னிஷ்டத்துக்குக் கம்பியை வெட்டிக்கொண்டார் என்று சீஃப் கூசாமல் சொன்னார். அது உண்மையென்று ஆனால் அவருக்கு வேலையும் போகும், நஷ்ட ஈடும் கிடையாது. மேனேஜர் என் பக்கம் திரும்பினார். அதற்குள் சீஃப், ஏதோ டீ வேண்டுமா என்று விசாரிப்பவர்போலச் சிரித்த முகத்தோடு, தமிழில் சொன்னார்: "நீ ஒண்ணும் பாக்கலேன்னு சொல்லிடும்மா. அவன் கை எப்படியும் போயாச்சு. நம்ம மனுஷாளை நாமளே விட்டுக்குடுக்கலாமா?"

அந்த அறையில் தமிழ் தெரிந்தவர்கள் நாங்கள் இருவர்தான். அவருக்கு அது பூட்டிய கதவு மாதிரி. அவன் கை எப்படியும் போயாச்சாம். நான் பள்ளிக்கூடத்திலிருந்தே தமிழைவிட வங்காளம் நன்றாகப் பேசுகிறவள். மேனேஜரைப் பார்த்து, "சார் இப்போது என்னிடம் சொன்னது இது" என்று தொடங்கி, அந்த மூன்று வாக்கியங்களையும் வங்காளத்தில் சொன்னேன். கம்பியை வெட்டியது யார் என்பதையும் சொன்னேன். சீஃப்பின் முகத்தில் அந்தச் சிரிப்பு இன்னும் இருந்தது. அதை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

அவரை வேலையைவிட்டு அனுப்பவில்லை, பம்பாய்க்கு மாற்றினார்கள், அதுவும் பதவி உயர்வோடு. என் அப்பா என்னோடு பேசுவதை நிறுத்தினார். டெக்னீஷியனுக்கு வேலை நிலைத்தது, நஷ்ட ஈடும் கிடைத்தது.

விசாரணை முடிந்த மாலையே ஆஸ்பத்திரிக்குப் போனேன். என்னைக் கண்டதும் அவர் கேட்டது வலியைப் பற்றியல்ல. "திதி, சாக்ரிடா ஆச்சே தோ?" வேலை இருக்கிறதல்லவா என்றார். இருக்கிறது என்றேன். கட்டுப் போட்ட கையை மார்மேல் எடுத்து வைத்துக்கொண்டார். பிறகு, "சீஃப் பாபு என்னைப் பற்றி என்ன சொன்னார்?" என்று கேட்டார். மறைத்திருக்கலாம். ஆனால் அது அவருடைய கை. அந்த வாக்கியங்களை அன்று இரண்டாம் தடவையாக வங்காளத்தில் சொன்னேன்.