அலுவலகம் அருகில் வந்தபோது

இந்த ஊரில் எல்லோரும் தோட்டத்தில்தான் குடியிருக்கிறார்கள். கோலாலம்பூருக்கு வந்த புதிதில் யாரிடம் விலாசம் கேட்டாலும் 'தாமான்' என்று தொடங்கி ஒரு பெயரைச் சொன்னார்கள். மலாயில் தாமான் என்றால் தோட்டம், பூங்கா. நம்பிப் போய்ப் பார்த்தால் வரிசை வீடுகளும், வாசலை அடைத்துக்கொண்டு நிற்கும் கார்களும்தான் இருந்தன. தொட்டியில் ஒரு துளசி இருந்தால் அதிகம். குடியிருப்புப் பகுதிக்கு இங்கே அதுதான் பெயர் என்று விளங்கச் சில வாரங்கள் ஆயின. இதற்குள் இன்னொரு குழப்பம். இங்குள்ள தமிழர் 'தோட்டம்' என்று சொன்னால் அது ரப்பரும், எண்ணெய் எடுக்கும் செம்பனையும் வளரும் எஸ்டேட். என்னோடு வேலை பார்த்த சுமதி, "நாங்க தோட்டத்துலேருந்து தாமானுக்கு வந்தவங்க அண்ணே" என்று முதல் நாள் சொன்னபோது நான் பேந்தப் பேந்த விழித்தேன்.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு சரக்கு அனுப்பும் கம்பெனியில் இருவருக்கும் கணக்குப் பிரிவில் வேலை. சுமதியின் பெற்றோர் ஜெஞ்சாரோம் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் செம்பனைக் குலை இறக்கியவர்கள். அந்த நிலத்தை வீடு கட்ட விற்றபோது, அங்கிருந்த குடும்பங்களுக்குக் கிள்ளானில் மலிவு விலை அடுக்குமாடியில் ஆளுக்கொரு வீடு கிடைத்தது. மாமியார், கணவர், இரண்டு பிள்ளைகளோடு சுமதி இப்போதும் அங்கேதான். கணவருக்குத் துறைமுகத்தில் ஷிப்ட் வேலை. வீட்டில் இருந்த ஒரே மோட்டார் சைக்கிளும் அவரோடு போய்விடும். சுமதி கொமுட்டர் ரயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வந்து கே.எல். சென்ட்ரலில் இறங்கி, கோயில் மணியோசையும் வாழையிலைச் சாப்பாட்டுக் கடைகளின் தாளிப்பு வாசமும் கடந்து, நடந்தே அலுவலகம் வருவார். தூரம்தான். ஆனால் ஒரே ரயில். உட்கார இடம் கிடைத்தால் தூங்கிக்கொண்டு வரலாம்.

சென்ற ஆண்டு வாடகை ஏறிப்போய், ஷா ஆலாமுக்கு அப்பால் ஒரு தொழிற்பேட்டைக்கு அலுவலகத்தை மாற்றினார்கள். அறிவித்த அன்று பாஸ் வரைபடத்தைத் திரையில் போட்டுக் காட்டினார். அவரும் தமிழர்தான், சுபாங் ஜெயாக்காரர். "சுமதி, யூ வெரி லக்கி லா! இனி ஆபீஸ் உங்க வீட்டுக்கு இவ்ளோ கிட்ட" என்று விரலால் அளந்து காட்டினார். அளவு சரிதான், பாதித் தூரம்கூட இல்லை. எல்லோரும் கை தட்டினார்கள். சுமதி மட்டும் தட்டவில்லை.

"அங்க ரயில் இல்ல பாஸ்" என்றார்.

"மோட்டார் ஒண்ணு வாங்கிப் போடுங்க லா" என்றார் பாஸ், மோட்டார் சைக்கிளைச் சொல்லி. ஹைவேயில் அதை ஓட்டச் சுமதிக்குத் தைரியம் இல்லை.

எனக்கு என் அப்பா ஞாபகம் வந்தது. சென்னையில் பாரிமுனைப் பக்கம் மொத்தக் கடைகளில் மூட்டை தூக்கியவர் அவர். கூவக்கரையில் எங்கள் குடிசை இருந்தது. நாற்றம், கொசு, மழை வந்தால் முழங்கால் தண்ணீர். ஆனால் அப்பாவுக்கு வேலைக்கு நடை தூரம். பிறகு எங்களை அங்கிருந்து அள்ளிக்கொண்டுபோய் நகரத்துக்கு வெளியே, கரண்டும் கக்கூசும் உள்ள சிமெண்ட் வீட்டில் வைத்தார்கள். அம்மா பால் காய்ச்சினாள். லாரிகள் சரக்கோடு வருவது விடியலுக்கு முன்னால். முதல் பஸ் பிடித்துப் போனாலும் அப்பாவுக்கு மூட்டை மிஞ்சாது. அதனால் கடை வாசலிலேயே படுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீட்டுக்கு வந்தார். குழம்பில் மீன் போடும் நாள் அது ஒன்றுதான். அரசாங்கம் எங்களுக்கு வீடு கொடுத்துவிட்டு அப்பாவை எடுத்துக்கொண்டது என்ற கோபம் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

அதனால்தான் ஒரு சனிக்கிழமை, சுமதியோடு சேர்ந்து அந்தப் புது வழியைப் போய்ப் பார்த்துவிடுவது என்று கிளம்பினேன். கிள்ளானில் ரயில் ஏறி ஷா ஆலாமில் இறங்கினோம். பஸ்ஸுக்கு வெகுநேரம் வெயிலில் நின்றோம். அது எங்களை ஹைவே ஓரத்தில் இறக்கிவிட்டுப் போனது. எதிர்ப்பக்கம் எங்கள் புதுக் கட்டடம், பெயர்ப்பலகையோடு பளிச்சென்று நின்றது. நடுவே எட்டு வரிசையில் லாரிகளும் கார்களும் பறந்துகொண்டிருந்தன. மேம்பாலம் எங்கே என்று தேடி, நடைபாதையே இல்லாத ஓரத்தில் புல்லில் நடந்தோம்.

"ஆபீஸ் தெரியுது அண்ணே. போகத்தான் வழியில்ல" என்று சுமதி சிரித்தார்.

ஒருவழியாகச் சுற்றிக்கொண்டு வாசலை அடைந்தபோது நேபாளத்துக் காவலாளி ஓடி வந்தான். எங்கள் வியர்வையைப் பார்த்து, "மோட்டார் ரோசாக்?" என்றான். வண்டி பழுதா என்று கேட்கிறான். "இல்லை, நடந்துதான் வந்தோம்" என்று எனக்குத் தெரிந்த அரைகுறை மலாயில் சொன்னேன். அவன் பாவம், நம்பவில்லை. எங்களை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்துவிட்டு, தெரிந்த மெக்கானிக்குக்கு போன் போட்டுக்கொண்டிருந்தான்.

ஸ்டேஷனிலிருந்து ஒரு வேன் விடலாமே என்று பாஸிடம் கேட்டேன். ஒரு ஆளுக்காக எப்படி முடியும் என்றார். கெட்டவர் இல்லை, கணக்குப் பார்ப்பவர். "பக்கத்துல ரூம் எடுக்கச் சொல்லுங்க. நீங்க எடுக்கலையா?" என்றார். நான் ஏற்கெனவே அங்கே ஓர் அறை எடுத்திருந்தேன். அதைச் சுமதியிடம் சொன்னபோது அவர் கோபப்படவில்லை.

"உங்களுக்கு ஒரு பெட்டி அண்ணே. தூக்கிட்டு எங்க வேணும்னாலும் போயிடலாம். எனக்கு மாமியார் இருக்காங்க, ஸ்கூல் இருக்கு, அவரு ஷிப்ட் இருக்கு. அம்மாவ ஒரு தடவ தோட்டத்துலேருந்து கெளப்பினாங்க. இன்னொரு தடவ நான் கெளம்ப மாட்டேன்" என்றார்.

பத்து வருட அனுபவம் உள்ள வேலையை விட்டுவிட்டு, சுமதி தான் குடியிருக்கும் அடுக்குமாடிக்குக் கீழே உள்ள மினி மார்க்கெட்டில் கல்லாவில் உட்கார்ந்தார். அவர் பார்த்த வேலையும் என் மேசைக்கு வந்தது. சம்பளமும் கொஞ்சம் உயர்ந்தது. வாங்கிக்கொண்டேன். வெட்கமாகத்தான் இருந்தது. போன வாரம் கிள்ளானுக்குப் போய் அவரைப் பார்த்தேன். கல்லாவுக்குப் பின்னால் சின்னவள் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். "சம்பளம் கொறைஞ்சு போச்சு அண்ணே. படிச்சதும் வீணாப் போவுதுன்னு அழுகை வருது. ஆனா புள்ளைங்க முழிச்சிருக்கும்போதே வீட்டுல இருக்கேன்" என்றார்.

தொழிற்பேட்டையை ஒட்டிய ஒரு தாமானில் நான் எடுத்திருக்கும் அறைக்குத் திரும்பியதும் சென்னைக்குப் பேசினேன். மனைவிக்கு அங்கே பள்ளி ஆசிரியை வேலை. அதை விட்டு வர மனமில்லை, நானும் வற்புறுத்தவில்லை. திரையில் என் மகள் வந்தாள். மாடியில் புதிதாக வைத்த மல்லிகைப் பதியன் துளிர்விட்டிருப்பதைக் காட்டினாள். பிறகு கேட்டாள்: "அப்பா, எங்க வீட்டுக்கு எப்ப வருவீங்க?"

நம்ம வீடு என்று அவள் சொல்லவில்லை. எட்டு வயதுக் குழந்தை, யோசித்துச் சொல்லியிருக்க மாட்டாள். திருத்தலாம் என்று வாயைத் திறந்தேன்.

"தீபாவளிக்கு வந்துடுவேன்டா" என்றேன், "உங்க வீட்டுக்கு."