ஸ்டெல்லாவை ஏற்றிய கார் நின்றபோது

என் மனைவி ஸ்டெல்லா இன்று உயிரோடு இருப்பது கர்த்தர் செய்தது. அதே நாளில் என் மகளை இழந்தேன் என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

துடியலூரில் நான் கார்களுக்கு எலக்ட்ரிக்கல் வேலை பார்க்கிறேன். 1996, ஏப்ரல் மாதம். துணி வியாபாரி சலீம் பாய் தன் பழைய வெளிநாட்டுக் காரைக் கொண்டுவந்தார். வெயிலில் ஓடும்போது திடீரென்று நின்றுவிடுகிறது, கொஞ்ச நேரம் கழித்து ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்புகிறது என்றார். நான் காலைக் குளிர்ச்சியில் பார்த்தேன். சாவியைத் திருப்பியதும் ஸ்டார்ட் ஆனது.

"வண்டியில ஒண்ணும் இல்லீங்க பாய்" என்று அனுப்பிவிட்டேன்.

மறுவாரம் மத்தியானம் அதே குறையோடு திரும்பி வந்தார். பேசிக்கொண்டிருக்கும்போதே பக்கத்து வீட்டு அம்மா அலறிக்கொண்டு ஓடிவந்தார். பட்டறைக்குப் பின்னாலேயே எங்கள் வீடு. எட்டு மாதக் கர்ப்பிணியான ஸ்டெல்லா சமையலறையில் ரத்தத்தில் கிடந்தாள்.

"தூக்குங்க, இதுலயே போயிரலாம்" என்றார் பாய். அவரே ஓட்டினார்.

மேட்டுப்பாளையம் ரோட்டில், ஆஸ்பத்திரிக்குப் பாதி வழியில் இன்ஜின் அணைந்தது. பாய் இறங்கி ரோட்டின் நடுவில் நின்று கையை ஆட்டினார். ஒரு லாரியும் நிற்கவில்லை. பின்சீட்டில் ஸ்டெல்லாவின் உதடு வெளுத்திருந்தது.

"என்னங்க, கொழந்த அசையலீங்க" என்றாள்.

பானெட்டைத் திறந்தேன். எதைத் தொடுவதென்றே தெரியவில்லை. அந்தத் தாரிலேயே முழங்கால் போட்டேன். "ஆண்டவரே, நான் சரியாகப் பார்க்காமல் விட்டேன். அவளையும் குழந்தையையும் தண்டிக்காதேயும்." வேறு வார்த்தை வரவில்லை.

பயம் போகவில்லை. ஆனால் எங்கே தொடங்க வேண்டும் என்று தெரிந்தது. எழுந்து சாவியைத் திருப்பினேன். பின்சீட்டுக்குக் கீழே பெட்ரோல் பம்பு முனக வேண்டும். சத்தமே இல்லை. பியூஸ் நன்றாக இருந்தது. பம்புக்குக் கரண்ட் அனுப்பும் ரிலேயைத் தொட்டேன். சுட்டது. அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு, அந்த இடத்தில் இரண்டு முனைகளையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்தேன். பம்பு முனகியது. "பாய், ஏறுங்க!" என்று கத்தினேன்.

இன்னும் சிறிது தாமதித்திருந்தால் தாயும் போயிருப்பாள் என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். குழந்தை வயிற்றிலேயே இறந்திருந்தது. பெண் குழந்தை. அடக்கத்துக்குப் பாய் எங்களோடு வந்தார். என்னை ஒரு சொல் குறை சொல்லவில்லை.

பிறகு அதே இடத்துக்குப் போய் அந்த ரிலேயைத் தேடியெடுத்துப் பிரித்தேன். உள்ளே ஈயம் வைத்த இடத்தில் மயிரிழை விரிசல். சூடேறினால் விலகும், ஆறினால் சேரும். வெயிலில் ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்திருந்தால் கண்டுபிடித்திருப்பேன்.

அன்றிலிருந்து யார் குறை சொன்னாலும், அது என் கண்ணில் படும்வரை வண்டியை விடுவதில்லை. நான் கேட்டதில் பாதியைத்தான் ஆண்டவர் தந்தார். ஏன் என்று இன்றும் அழுதுகொண்டே கேட்கிறேன். ஆனால் அந்த ரோட்டில் என்னைத் தனியே விடவில்லை. குற்றத்தோடு நிற்கிறவர்களே, நீங்களும் அப்படியே அவரைக் கூப்பிடுங்கள். அவர் வருவார்.