மன்னியின் சைவப் பூனை

எங்கள் பூனை ஆறு வயது வரைக்கும் மீனைப் பார்த்ததில்லை. எலியையும் பார்த்ததில்லை.

மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்பக்கத் தெரு ஒன்றில், பழைய வீட்டை இடித்துக் கட்டிய அடுக்குமாடியில் மூன்றாவது மாடி எங்களுடையது. அண்ணா, மன்னி, நான். அவர்களுக்குக் குழந்தை இல்லை. நான் கல்யாணம் ஆகாமல் அண்ணாவோடேயே இருந்துவிட்டவள். பதினோராம் வகுப்போடு படிப்பு நின்றது. தி.நகர் கடை ஒன்றுக்குப் புடவை ஃபால்ஸ் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். வாசல் மணி அடித்தால் வேறு யாராவது போய்த் திறக்கட்டும் என்று அடுக்களையிலேயே நின்றுவிடுகிற சுபாவம் எனக்கு.

பூனையைக் கொண்டுவந்தவள் மன்னி. கீழே ஸ்கூட்டர் நிறுத்துகிற இடத்தில் தாய் விட்டுப்போன குட்டி அது. கண்கூடச் சரியாகத் திறந்திருக்கவில்லை. பஞ்சைப் பாலில் நனைத்து வாயில் வைத்து வளர்த்தாள். பெயர் எதுவும் வைக்கவில்லை. கொழந்தை என்று கூப்பிட்டாள், நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். பாலிலிருந்து பால்சாதம், பிறகு நெய் விட்ட பருப்புசாதம், பிறகு தயிர்சாதம். குழையப் பிசைந்து, விரலால் சூடு பார்த்து, அது சாப்பிட்டு முடித்த பிறகுதான் மன்னி தனக்குத் தட்டு போட்டுக்கொள்வாள். ஏகாதசி அன்று அதற்கும் பால் மட்டும்தான்.

எதிர் ஃப்ளாட் மாமா தன் வீட்டுக்கு வருகிறவர்களையெல்லாம் கூட்டிக்கொண்டு வந்து காட்டுவார். "ருத்ராட்சப் பூனைன்னு சொல்லுவாளே, அது இல்லை ஓய். இது வேஷம் போடலை, நெஜமாவே சைவம்" என்பார். மன்னிக்குப் பெருமை தாங்காது. பால்கனி முழுக்கக் கம்பிவலை அடிக்கச் சொல்லியிருந்தாள். கீழே நாய்கள் இருந்தது ஒரு காரணம். பூனை ஒரு ஜீவனையும் கொல்லக் கூடாது என்பது இன்னொரு காரணம். சுவரில் பல்லி தெரிந்தால் துடைப்பத்தோடு வந்து விரட்டுவாள். பூனை தாடை நடுங்க ஒரு சத்தம் போடும். "வேண்டாம்டி கொழந்தை, பாவம்" என்று தூக்கி மடியில் வைத்துக்கொள்வாள்.

மன்னி வயிற்றில் கட்டி வந்து ஒரு மார்கழியில் போய்விட்டாள். தேனாம்பேட்டை ஆபீசிலிருந்து அண்ணா அதற்குச் சற்று முன்புதான் ரிட்டையர் ஆகியிருந்தார். தண்ணீர்கூடத் தானாக எடுத்துக் குடிக்காதவர், பூனைக்கு மட்டும் தன் கையால் பிசைய ஆரம்பித்தார். என்னை விடவில்லை. முதலில் கட்டி கட்டியாக இருந்தது, பிறகு மன்னி மாதிரியே குழைய வந்தது. ஏகாதசியும் தவறவில்லை. பிசைந்து வைத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்து, அன்றைக்கு வந்த தபால், கீழ் வீட்டுச் சண்டை, மோட்டார் ரிப்பேர் என்று எல்லாவற்றையும் அதனிடம் சொல்லுவார். என்னிடம் அவ்வளவு பேசியதில்லை. மன்னியிடம் பேசுவது போலவேதான் இருக்கும். நான் தையலை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவேன்.

பறக்கும் ரயில் எங்கள் பக்கம் வந்த வருஷம் அது. பூனை ஊஞ்சல் பலகையில் தாவப் போய், தவறி விழுந்தது. மறுபடியும் விழுந்தது. பகலிலும் அதன் கண்மணி பெரிதாக, திராட்சை போல் கறுப்பாக இருந்தது. பார்த்தவர்கள் என்ன அழகான கண் என்றார்கள். ஒரு நாள் அதன் மூக்குக்கு நேரே ஒரு பல்லி ஓடியது. பூனை திரும்பவே இல்லை. அண்ணாவிடம் சொன்னேன். "அதுக்கும் வயசாறதோன்னோ" என்றார். முடி கொத்தாக உதிர்ந்தது. நாலு எட்டு நடந்தால் வயிறு மேலும் கீழும் ஏறி இறங்கியது. அதன் பிறகுதான் ஒயர் கூடையில் துண்டை விரித்து வைத்து, ஆட்டோவில் அடையாறு கொண்டுபோனோம்.

டாக்டர் சின்ன வயதுக்காரர். டார்ச் அடித்துக் கண்ணைப் பார்த்தார். மார்பில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார். என்ன சாப்பாடு என்றார். அண்ணா எல்லாரிடமும் சொல்வது போலவே சொன்னார். "சுத்த சைவம். ஒரு நாள்கூட வேற எதுவும் வாயில பட்டதில்லை. எல்லாம் என் சம்சாரம் பழக்கினது."

டாக்டர் வெளியே விடுவீர்களா என்று கேட்டார். எலி, பல்லி, கரப்பான் ஏதாவது பிடிக்குமா என்று கேட்டார். அண்ணா இல்லை என்றார். டாக்டர் குழாயைக் கழுத்திலிருந்து எடுத்து மேஜை மேல் வைத்தார். மாமிசத்தில் மட்டும் இருக்கிற ஒரு சத்து பூனைக்கு வேண்டும் என்றும், அதைத் தன் உடம்பிலேயே செய்துகொள்ள அதனால் முடியாது என்றும், அது இல்லாவிட்டால் முதலில் கண்ணும் பிறகு இதயமும் போகும் என்றும் பொறுமையாகத்தான் சொன்னார். தெருப் பூனை சோறு தின்றாலும் எதையாவது பிடித்துத் தின்று தப்பித்துக்கொள்ளுமாம். வீட்டுக்குள்ளேயே அடைபட்டதற்கு அந்த வழியும் இல்லை.

"நெய்யும் பாலுமா சாப்பிட்ட கொழந்தை டாக்டர் இது" என்றார் அண்ணா.

"வயிறு ரொம்பியிருக்கும் சார். ஆனா இத்தனை வருஷமா பட்டினிதான்."

அண்ணா எழுந்து வெளியே போய்விட்டார். எனக்கும் கூடவே போய்விட வேண்டும் போல் இருந்தது. ஆனால் பூனை மேஜை மேல் இருந்தது. டாக்டர் எனக்குச் சொல்லிக் கொடுத்தார். கண் இனி வராது. இதயத்தைக் கொஞ்சம் காப்பாற்றிப் பார்க்கலாம், ஆனால் முழுதும் சரியாகாது, என்றைக்காவது ரத்தம் கட்டிப் பின்னங்கால் விழுந்துவிடவும் கூடும். மீன், கோழி, ஈரல், எது முடிகிறதோ அது. உப்பு காரம் கூடாது. வேகவைத்த தண்ணீரைக் கொட்டிவிடக் கூடாது, சத்து அதில்தான் இறங்கியிருக்கும். நாய்க்கு விற்கிற பாக்கெட்டை வாங்கிப் போடாதீர்கள், பூனைக்கு அது போதாது என்றார். நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். இது எப்போது ஆரம்பித்திருக்கும்?

"ஒரு மாசம் ரெண்டு மாசத்துல வர்றது இல்லீங்க. மூணு நாலு வருஷமாவே உள்ளுக்குள்ள போய்ட்டிருந்திருக்கும்."

மன்னி அப்போது இருந்தாள். நன்றாகவே இருந்தாள்.

ஆட்டோவில் அண்ணா கூடையை மடியில் வைத்துக்கொண்டார். பாலத்தைத் தாண்டிய பிறகு, வெளியே பார்த்தபடி, "அவ பட்டினி போட்டாளாம்" என்றார். வீட்டுக்கு வந்ததும் கைகால் கழுவிக்கொண்டு தயிர்சாதம் பிசைந்தார். டாக்டர் சொன்னதை நான் தயங்கித் தயங்கி ஆரம்பித்தேன். "இந்த ஆத்துல அந்தப் பேச்சே வேண்டாம்" என்றார். அது மீனைப் பற்றிய பேச்சு மட்டும் இல்லை என்று எனக்குப் புரிந்தது. மீன் வாங்கினால், மன்னி பூனையைக் கெடுத்தாள் என்று ஒத்துக்கொண்ட மாதிரி ஆகும். அண்ணாவால் அது முடியாது. பூனைக்கோ நாள் அதிகம் இல்லை.

தி.நகரில் ஃபால்ஸ் கொடுக்கப் போனபோது, வெளிநாட்டுச் சாமான் விற்கிற இரண்டு கடைகளில் பூனைக்கென்று டப்பாவில் ஏதாவது கிடைக்குமா என்று கேட்டேன். நாய் பிஸ்கட்டைக் காட்டினார்கள். அதற்கு மேல் வழியில்லாமல் கடற்கரையோரப் பட்டினப்பாக்கம் மீன் கடைகளுக்கு வீட்டிலிருந்து நடந்தேன். காலையில் அண்ணா கோயிலுக்குப் போய் வருகிற நேரத்துக்குள் போய்த் திரும்பிவிட வேண்டும். முதல் நாள் மீன் கடைகள் வரை போய்விட்டுப் பேசாமல் திரும்பிவிட்டேன். அடுத்த நாளும் அப்படித்தான். மூக்கைப் பொத்தினால் தப்பாக நினைப்பார்களே என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதற்கடுத்த முறை, ஓரத்துக் கடையில் உட்கார்ந்திருந்த அம்மாளே கூப்பிட்டுவிட்டாள்.

"இன்னாமா, டெய்லி வந்து பாத்துக்கினு பாத்துக்கினு போற? இன்னா ஓணும், வாயத் தொற."

சின்ன மீன் என்றேன். குழம்புக்கா வறுக்கவா என்று கேட்டாள். பூனைக்கு என்று சொன்னதும் அவள் பக்கத்துக் கடைக்காரியைப் பார்த்துச் சிரித்த சிரிப்பில் எனக்குக் காது சுட்டது. வீட்டில் வேகவைக்க முடியாது என்பதையும் சொல்ல வேண்டியிருந்தது. அதை எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை. அவள் சிரிப்பதை நிறுத்திவிட்டு, கடைக்குப் பின்னால் இருந்த தன் வீட்டு ஸ்டவ்வில் ஒரு பிடி நெத்திலியை உப்பில்லாமல் வேகவைத்து, அந்தத் தண்ணீரோடு நான் கொண்டுபோயிருந்த தூக்குப் பாத்திரத்தில் ஊற்றிக் கொடுத்தாள். மொட்டை மாடியில் தண்ணீர் டேங்குக்குப் பின்னால் பூனையைக் கொண்டுபோய் வைத்து, தூக்கைத் திறந்தேன்.

அது தின்னவில்லை. நான் கேள்விப்பட்ட கதைகளிலெல்லாம் பூனை மீனைப் பார்த்தால் பாயும். இது முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையை உதறி, கண் தெரியாமல் பின்னால் நகர்ந்து டேங்கில் போய் இடித்துக்கொண்டது. அது ஒரு உணவு என்றே அதற்குத் தெரியவில்லை. அதன் முன்னால் உட்கார்ந்து அழுதேன்.

மறுநாள் போய்ச் சொன்னதும் அந்த அம்மாள், "இன்னாமா, உன் பூனை பூணூல் போட்டுக்கினு கீதா?" என்றாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவளிடமும் மருந்து எதுவும் இல்லை. "பசிச்சா துன்னும். துன்னலன்னா இன்னா பண்றது" என்றாள், அவ்வளவுதான். பசிக்கவிட எனக்கு மனம் வரவில்லை. அதற்கு உடம்பில் தெம்பும் இல்லை. நானாகத் தயிர்சாதத்தில் நகக்கண் அளவு மீனை மசித்துக் கலந்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக மீனைத் தொட்ட கை. கலந்ததைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினேன், சாதத்தைக் குறைத்தேன். மழைக்கு முந்திய புழுக்கக் காலம் முழுதும் இப்படிப் போனது. ஒரு நாள் அது தூக்கின் மூடி சத்தம் கேட்டதும் குரல் கொடுத்துக்கொண்டு வந்தது.

மூச்சிரைப்பு குறைந்தது. உதிர்ந்த இடத்தில் புது முடி பளபளப்பாக வந்தது. கண் மட்டும் அப்படியே இருந்தது. அதே சமயம் அண்ணா பிசைந்து வைக்கிற தட்டு அப்படி அப்படியே மிஞ்ச ஆரம்பித்தது. அவர் அதன் பக்கத்தில் உட்கார்ந்து கூப்பிடுவார், ஒரு வாய் எடுத்து நீட்டுவார். அது மரியாதைக்கு நக்குவது போல் விரலை நக்கிவிட்டு நகர்ந்துவிடும்.

ஒரு மத்தியானம் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் மடியில் அது தானாக ஏறிப் படுத்தது. தடவிக் கொடுக்கக் குனிந்தவர், அதன் வாயிலிருந்து வந்த மீன் வாடையில் அப்படியே உறைந்தார். இரண்டு கையாலும் அதைத் தூக்கித் தரையில் விட்டார். குழாயடிக்குப் போய்க் கை கழுவிக்கொண்டு வந்தார். திட்டுவார் என்று நான் கதவோரம் காத்துக்கொண்டிருந்தேன். திட்டவில்லை.

"இனிமே அது உன்னோடது" என்றார். "அவளோடது போயிடுத்து."

அன்றிலிருந்து அவர் தயிர்சாதம் பிசையவில்லை, அதைக் கூப்பிடவில்லை. தபாலைப் பற்றியும் மோட்டாரைப் பற்றியும் யாரிடமும் பேசவில்லை. வீட்டில் குரலே இல்லாமல் போயிற்று. பூனைக்கு அண்ணாவின் குரல்தான் வழி. அவர் மூச்சு விடுகிற இடத்தைத் தேடி, சுவரை ஒட்டி ஒட்டி அவர் அறை வாசலுக்குப் போகும். அவர் கதவைச் சாத்திக்கொள்வார். சாத்திய கதவில் மூக்கு இடித்து, அங்கேயே உட்கார்ந்துவிடும். நான் போய்த் தூக்கி வருவேன். மறுபடி போகும்.

அடுத்த ஐப்பசி மழையில் ஒரு காலை, அடுக்களையில் இருந்த நான் குழந்தை வீறிடுவது போன்ற சத்தம் கேட்டு ஓடினேன். பூனையின் பின்னங்கால் இரண்டும் இழுத்துக்கொண்டுவிட்டன. முன்னங்காலால் தரையைப் பிறாண்டிக்கொண்டு கத்தியது. அண்ணா கதவைத் திறந்துகொண்டு வந்தார். பார்த்தார். தரையில் உட்கார்ந்து அதை மடியில் எடுத்துப் போட்டுக்கொண்டார். கால் ஜில்லென்று இருக்கிறதே என்று சொல்லிச் சொல்லி, இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்தார். ஆட்டோ பிடிக்க நான் தெருமுனை வரை ஓடினேன். முழங்கால் அளவு தண்ணீரில் ஒரு வண்டியும் இல்லை. திரும்பி வந்தபோது சத்தம் நின்றிருந்தது. அண்ணா இன்னும் காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

மழை விட்டதும், கீழே மதிலோரம் வாட்ச்மேன் குழி தோண்டிக் கொடுத்தார். அண்ணாவே மண்ணைத் தள்ளினார். படியேறி வரும்போது இரண்டாவது மாடியில் மூச்சு வாங்க நின்றார். என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"அவ இருந்தப்பவே ஆரம்பிச்சிருக்குமோ?"

டாக்டர் சொன்னது எனக்கு அட்சரம் பிசகாமல் நினைவிருந்தது. "இல்லண்ணா" என்றேன். "அன்னிக்கே டாக்டரைக் கேட்டேன். மன்னி போனதுக்கு அப்புறம்தான்னார்."

சொல்லி முடித்த பிறகுதான் அதற்கு இன்னொரு பக்கம் இருப்பது எனக்கு உறைத்தது.

"அப்போ நான் போட்டதாலதான்" என்றார்.

மறுத்துச் சொல்ல வாயைத் திறந்தேன். மறுத்தால் மிஞ்சுவது மன்னிதான். அண்ணா தலையை மெல்ல ஆட்டிக்கொண்டார். மன்னி போன நாளிலிருந்து இறுகிக் கிடந்த முகம் கொஞ்சம் இளகியிருந்தது. "நான்தான்" என்று இன்னொரு முறை தனக்குள் சொல்லிக்கொண்டு, கைப்பிடியைப் பற்றி மிச்சப் படிகளை ஏறினார்.