பிருந்தன் பல்லி வளர்த்த கதை

ஆக்லாந்தின் லின்ஃபீல்டில் கடையில் நின்று பல்லி வாங்கிய ஒரே தமிழன் பிருந்தன்தான் என்று சில்வெஸ்ரர் எல்லோரிடமும் சொல்லித் திரிந்தார். இருவருக்கும் மனுகாவில் ஒரே குளிர்களஞ்சியத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற வேலை. சில்வெஸ்ரருக்கு வாய் சும்மா இருக்காது.

"எங்கட ஆக்கள் பல்லி தலையில விழுந்தா ஓடிப்போய் முழுகுவினம். நீர் என்னெண்டா அதுக்குக் கண்ணாடி வீடு கட்டி, பூச்சி வாங்கித் தீத்துறீர்!"

பிருந்தன் சிரிப்பான். அதைச் சிரிப்பு என்று சொல்வது கொஞ்சம் அதிகம். உதடு விலகும், அவ்வளவுதான். மனைவி அனோஜா பிரிந்து போன இரண்டு வருடமாக ஆள் அப்படித்தான். சாவீட்டிலும் கலியாண வீட்டிலும் ஒரே முகம். துக்கம் என்றாவது சொல்லலாம் என்றால், துக்கப்படுகிற ஆள் ஒருநாளாவது அழுதிருப்பான். பல்லுப் பிடுங்க ஊசி போட்ட கன்னத்தைத் தட்டினால் தட்டுவது தெரியும், வலி தெரியாது. அவனுக்கு உடம்பு முழுக்க, நாள் முழுக்க அப்படி இருந்தது.

உண்மையில் அவன் வாங்க நினைத்தது பல்லியே அல்ல. மகள் ஜெனுஷா கேட்டது பாம்பு. அவளுக்குப் பன்னிரண்டு வயது. தாயோடு இருக்கிறாள், இரண்டு கிழமைக்கு ஒருமுறை சனி ஞாயிறில் தகப்பனிடம் வருவாள். வந்தால் போனுக்குள் தலையை விட்டுக்கொண்டு இருப்பாள். இவன் தமிழில் கேட்பதற்கு அவள் இங்கிலீசில் ஒரு சொல்லில் பதில் சொல்வாள். அப்படிப்பட்ட பிள்ளை ஒரு சனிக்கிழமை தானாகவே நிமிர்ந்து, பாம்பு வளர்க்கலாமா, ஒரு சோடி வாங்கிக் குட்டி எடுக்கலாமா என்று கேட்டாள். அவள் வாய் திறந்து கேட்டதே பெரிய காரியம். பிருந்தன் யோசிக்காமல் ஓம் என்றுவிட்டான்.

பிறகுதான் விசாரித்தான். நியூசிலாந்தில் பாம்பு வளர்க்க முடியாது. மிருகக்காட்சிச்சாலைக்குக்கூடக் கொண்டுவர விடமாட்டார்கள். பிள்ளைக்கு ஆசை காட்டிவிட்டுக் கைவிரிப்பது எப்படி? சட்டம் விடுகிறவற்றில் பாம்புக்குக் கிட்டவானது எது என்று தேடி, உடம்பெல்லாம் சிறுத்தைபோலப் புள்ளி போட்ட பல்லிகள் இரண்டை வாங்கி வந்தான். ஒரு சாண் நீளம், கொழுத்த வால், கண்ணை மூடித் திறக்கிற இமை. ஜெனுஷா பாம்பை மறந்தே போனாள். பெண்ணுக்கு மாங்கோ என்றும் ஆணுக்குப் பிக்கிள் என்றும் பெயர் வைத்தாள்.

அதன் பிறகு அந்த வீட்டில் பேச்சும் கதையும் இருந்தது. அவள் படித்துப் படித்துச் சொன்னாள், அவன் செய்தான். ஆணையும் பெண்ணையும் ஒரே பெட்டியில் விடக் கூடாது, பெண் போதிய நிறைக்கு வந்த பிறகுதான் சேர்க்க வேண்டும், பூச்சியைச் சுண்ணாம்புச் சத்து மாவில் பிரட்டித்தான் போட வேண்டும். சமையலறைத் தராசில் ஒவ்வொரு கிழமையும் மாங்கோவை நிறுத்தார்கள். ஒக்டோபரில் மாங்கோ ஈரப் பாசிக்குள் இரண்டு முட்டை இட்டது. இரண்டு கிழமையில் இன்னும் இரண்டு. தோல்போல மெத்தென்ற, விரல் நீளத்துக்கும் குறைவான வெள்ளை முட்டைகள். இரண்டாவது சோடி வந்தது ஒரு சனிக்கிழமை. ஜெனுஷா துள்ளிக்கொண்டு வந்து தகப்பனின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அவள் கட்டிப்பிடித்து எத்தனை காலம் என்று அவன் நினைத்துப் பார்த்தான். நினைவு வரவில்லை.

முட்டைகளை வைக்க அவர்களுக்கு ஒரு மெஷினும் வேண்டியிருக்கவில்லை. சுடுதண்ணி சிலிண்டர் நிற்கிற அலுமாரி எப்போதும் இளஞ்சூடாக இருக்கும். ஆக்லாந்துக் குளிரில் தோசை மா புளிக்க அவன் சட்டியை வைப்பதும் அங்கேதான். மாச்சட்டியைக் கீழ்த்தட்டுக்கு இறக்கிவிட்டு, ஜெனுஷா ஒரு பிளாஸ்ரிக் பெட்டியில் ஈரமணல் போட்டு நாலு முட்டையையும் இட்ட அன்றன்றைக்கே பதித்தாள். ஒவ்வொன்றின் மேலும் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தாள்.

அந்தப் புள்ளியைப் பார்த்ததும் பிருந்தனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. விளங்கிவிட்டது என்று நினைத்ததுதான் வினை. மன்னாரில் அவனுடைய அம்மா கோழியை அடை வைக்கும்போது முட்டைகளில் கரியால் அடையாளம் போடுவார். கோழி தன் சொண்டால் முட்டைகளை உருட்டி உருட்டிப் பிரட்டிக்கொண்டே இருக்கும். பிரட்டாத முட்டை கூழாகிவிடும் என்று அவனுக்குச் சின்ன வயதிலேயே தெரியும். இங்கே பிரட்டக் கோழி இல்லை. பிள்ளை இரண்டு கிழமைக்கு ஒருக்கால்தான் வரும். ஆகவே வேலைக்குப் போகுமுன் ஒருமுறை, வந்ததும் ஒருமுறை, கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, நாலையும் பக்குவமாகப் பிரட்டினான். காலையில் புள்ளி கீழே, மாலையில் புள்ளி மேலே. இரண்டு வருடத்தில் அவன் மனம் வைத்துச் செய்த வேலை அது ஒன்றுதான்.

இதற்கிடையில் அனோஜாவின் லோயரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. பிரிஸ்பேனில் அவளுக்கு வேலை கிடைத்திருக்கிறது. பள்ளிக்கூடம் விட்டதும் டிசம்பரில் மகளோடு அங்கே போய்விட விருப்பம். அதற்குத் தகப்பன் கையெழுத்து வேண்டும். அன்றைக்கே அனோஜா போனும் எடுத்தாள்.

"நான் பிள்ளையைக் கட்டாயப்படுத்திக் கொண்டு போகமாட்டன். அவள் ஓம் எண்டாத்தான். பல்லி முட்டை பொரிக்கப் போகுது, குட்டியளை விட்டிட்டு எங்கையும் வரமாட்டன் எண்டு நிக்கிறாள். நீங்கள் என்ன சொல்லுறீங்கள்?"

"அவளின்ர விருப்பம்."

"உங்கட விருப்பத்தைக் கேக்கிறன்."

"அவளின்ர விருப்பம்தான்."

இந்த மனிதனை என்ன செய்வது? போக வேண்டாம் என்று ஒரு சொல் சொன்னால் வாயிலிருந்து முத்து உதிர்ந்துவிடுமா? போனை வைத்துவிட்டு அவன் நேரே அலுமாரிக்குப் போய் முட்டைகளைப் பிரட்டினான். நாலும் பொரிக்க வேண்டும், பொரித்தால் பிள்ளை நிற்கும். அவனுக்கு இருந்த கணக்கு அவ்வளவுதான்.

நவம்பர் நடுவில் ஒரு சனிக்கிழமை ஜெனுஷா பெட்டியைத் திறந்தாள். நாலு முட்டையும் குழி விழுந்து, மஞ்சளாகி, பூஞ்சணம் பிடித்துக் கிடந்தன. போன் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தாள். முதலில் சிவப்பாகத் தெரிந்த நரம்புகள் ஒன்றிலும் இல்லை. நிலத்தில் அமர்ந்து போனில் தேடி, ஒரு பக்கத்தை உரக்க வாசித்தாள். பல்லி முட்டையை ஒருபோதும் பிரட்டக் கூடாது. பிரட்டினால் உள்ளே ஒட்டியிருக்கிற கரு மூழ்கிச் செத்துவிடும். மேற்பக்கம் மாறாமல் இருக்கத்தான் புள்ளி வைப்பது.

"அதை நான் சரியாகத்தானே செய்தேன்," என்று இங்கிலீசில் சொன்னாள். "அப்போ தண்ணீரைத்தான் கூடுதலாக விட்டிருக்கிறேன். நான்தான் கொன்றுவிட்டேன்."

பிருந்தன் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். நான்தான் பிரட்டினேன் என்று அவன் சொல்லவில்லை. சொன்னால் இனி இந்த வீட்டுப் பக்கமே வரமாட்டாளோ என்று பயந்தான். அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு, சரி, அப்படியென்றால் பிரிஸ்பேனுக்குப் போகிறேன் என்றாள். அப்போதும் அவன், "உன்ர விருப்பம், பிள்ளை," என்றான்.

ஞாயிறு பின்னேரம் ஜெனுஷாவை ஏற்ற அனோஜா வந்தாள். பிருந்தன் வாசலில் நின்ற காரின் முகப்பில் கடிதத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டான். மகள் காருக்குள் இருந்து கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அனோஜாவுக்குப் பேனையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளே போய்த் தோசை மாவைக் கரைத்தான்.

இரண்டு கிழமை கழித்து ஜெனுஷா வந்தபோது, பல்லிகளை எப்படிப் பார்க்க வேண்டும் என்று தகப்பனுக்காக ஒரு தாள் எழுதத் தொடங்கினாள். அதில் பெரிய எழுத்தில், முட்டைப் பெட்டிக்குத் தண்ணீர் அதிகம் விடாதீர்கள், நான் விட்ட பிழையை விடாதீர்கள் என்று எழுதியிருந்தாள். பிருந்தன் அதை வாசித்தான். இரண்டு தரம் வாசித்தான். இதற்கு மேல் வாயை மூடிக்கொண்டிருக்க அவனால் முடியவில்லை.

"பிள்ளை, தண்ணியால இல்லை. நான்தான் பிரட்டினனான். ஒவ்வொரு நாளும் ரெண்டு தரம். கோழி முட்டை மாதிரி எண்டு நினைச்சன்."

அவள் எழுதுவதை நிறுத்தினாள். "ஒவ்வொரு நாளுமா?"

"ஓம். வேலைக்குப் போக முந்தி ஒருக்கா, வந்து ஒருக்கா."

"ஏன்?"

"பொரிக்க வேணும் எண்டுதான். பொரிச்சா நீ நிப்பாய் எண்டு." அவனுடைய குரல் அவனுக்கே பிறத்தியான் குரலாகக் கேட்டது. "நீ போறது எனக்கு விருப்பமில்லை, பிள்ளை. துளிகூட விருப்பமில்லை."

சொன்ன பிறகுதான் அது எவ்வளவு பெரிய விருப்பமின்மை என்று அவனுக்குத் தெரிந்தது.

ஜெனுஷா தாளைத் தள்ளி வைத்தாள். பிறகு இங்கிலீசில், மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

"நான் முட்டைக்காக நிற்கவில்லை, அப்பா. முட்டையைச் சாட்டாகச் சொன்னேன். நீங்கள் போகாதே என்று சொல்வீர்களா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா கேட்டபோது நீங்கள் சொல்லவில்லை. கையெழுத்துப் போட்டபோதும் சொல்லவில்லை. உங்களுக்கு நான் போனாலும் ஒன்றுதான், இருந்தாலும் ஒன்றுதான் என்று நினைத்தேன்."

"இப்ப சொல்லுறன் பிள்ளை. போகாதை."

"டிக்கெட் எடுத்தாச்சு," என்று தமிழில் சொன்னாள். "அம்மா வேலையை விட்டிட்டா. வீட்டையும் விட்டாச்சு."

இரண்டு வருடமாக வராத அழுகை பிருந்தனுக்கு அப்போது வந்தது. பெரிய சத்தமாக, வெட்கமில்லாமல் வந்தது. ஜெனுஷா எழும்பிப் போய் ஒரு துவாய் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் பக்கத்தில் அமர்ந்தாள். அவள் போக இன்னும் பத்தொன்பது நாள் இருந்தது.