வாயில் வைக்காத படையல்

கிள்ளான் பக்கத்து மேரு ஊரில் நல்லம்மாளைத் தேடி வருகிறவர்களுக்கு யாரும் வீட்டு நம்பர் சொல்வதில்லை. "படையல் அக்காவா? நேராப் போங்க, சாம்பிராணி வாசம் அடிக்கிற வீடு" என்று கையைக் காட்டிவிடுவார்கள்.

ஐம்பது வயதுக்கு மேல் தனக்கு இப்படி ஒரு பெயர் வந்து ஒட்டும் என்று அவள் நினைத்ததே இல்லை. காப்பார் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவள். ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றது. அப்புறம் கையுறை ஃபேக்டரி. கல்யாணம், பிள்ளைப்பேறு எல்லாமே அந்த ஃபேக்டரி ஷிஃப்டுக்கு நடுவில்தான் நடந்தன. கம்பெனி ஆளைக் குறைத்தபோது முதலில் குறைந்தவர்களில் அவளும் ஒருத்தி. புருஷன் நாகையா லோரி ஓட்டுகிறவர். "சும்மா இரு, நான் பாத்துக்கிறேன்" என்றார். சும்மா இருந்து பழக்கமில்லாதவள் என்ன செய்வாள்?

ஃபேக்டரியில் அவள் வருஷக்கணக்காகப் பார்த்த ஒன்று உண்டு. கூட வேலை செய்த பெண்கள் மாமனார் தெவசம், அம்மா தெவசம் என்று லீவு கேட்டு சூப்பர்வைசரிடம் பேச்சு வாங்குவார்கள். லீவு கிடைத்தாலும், பிளாட்டில் வாழையிலைக்கு எங்கே போவது? இலை நுனி எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்று பாதிப் பேருக்குத் தெரியாது. செத்தவர்களை நினைக்க மனசு இருந்தும் கை வராமல் தவித்தார்கள். அதைத்தான் நல்லம்மாள் தொழிலாக்கினாள். செத்தவருக்குப் பிடித்தது என்ன என்று கேட்டு, அதைச் சமைத்து, இலை, வெற்றிலை பாக்கு, சூடம், ஊதுவத்தி, தீப்பெட்டி வரைக்கும் ஒரே பையில் வைத்துக் கொடுப்பாள். எதை எங்கே வைக்கணும், எந்த நேரத்தில் சூடம் காட்டணும் என்று தன் குரலிலேயே பேசி வாட்சாப்பில் அனுப்பிவிடுவாள். அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டே படையல் போட்ட பிள்ளைகள் பல பேர்.

மகள் மாதவி கணக்காளர் ஆபீசில் வேலை பார்க்கிறாள். அவள்தான் பேஸ்புக்கில் பக்கம் திறந்தாள். மேலே ஒரு வரி போட்டாள்: 'வாயில் வைத்துப் பார்க்காமல், பக்தியோடு சமைத்த படையல்.'

அதில் பொய் இல்லை அப்போது. சாமிக்கோ செத்தவர்களுக்கோ வைக்கிற சாப்பாட்டை, படைப்பதற்கு முன்னால் உப்புப் பார்க்கக்கூடாது. பார்த்தால் அது எச்சில். சின்ன வயசிலிருந்து இந்தக் கட்டுப்பாட்டில் வளர்ந்தவள் நல்லம்மாள். கை பழகியிருந்தது, கண்ணாலேயே உப்புப் போடுவாள்.

ஆனால் வீட்டுச் சட்டிக்குப் பழகிய கை வேறு, அண்டாவுக்குப் பழகுகிற கை வேறு. ஒரு மகாளய அமாவாசைக்கு ஏழெட்டு வீட்டு ஆர்டர் சேர்ந்து வந்தது. அந்த அவசரத்தில் குழம்புக்கு இரண்டு தரம் உப்பு விழுந்துவிட்டது. ஷா ஆலாமில் ஒரு குடும்பம் படைத்து முடித்து உட்கார்ந்து, ஒரு வாய்க்கு மேல் இறங்காமல், கடையில் ரொட்டி வாங்கித் தின்றது. பேஸ்புக் பக்கத்தில் வந்து எழுதியும் வைத்தார்கள்: 'செத்தவர் சாப்பிட்டாரோ இல்லையோ, எங்களால முடியல லா.' கீழே சிரிப்புப் படங்கள் வரிசையாக விழுந்தன.

"இன்னொரு தரம் இப்படி எழுதுனா கடையை மூட வேண்டியதுதாம்மா" என்று மாதவி சொன்னாள். கோபமில்லாமல்தான் சொன்னாள்.

அடுத்த ஆர்டருக்கு நல்லம்மாள் கரண்டியைப் பிடித்துக்கொண்டு வெகு நேரம் அடுப்பு முன்னால் நின்றாள். அடுப்படிச் சுவரிலேயேதான் சாமிப் படம் வைக்கிற சாமித் தட்டு இருந்தது. படத்தில் இருந்து மாரியம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். நல்லம்மாள் போய் சாமித் தட்டின் திரையை இழுத்து மூடினாள். ஒரு சொட்டுக் குழம்பை உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தாள். உப்பு குறைவு. போட்டாள். கையைக் கழுவிவிட்டுத் திரையைத் திறந்தாள்.

அன்றிலிருந்து அதுவே வழக்கம் ஆகிவிட்டது. முதலில் குழம்பு மட்டும். பிறகு பாயசம். பிறகு வடை மாவில் ஒரு கிள்ளு. ஆர்டர் குவிந்தது. "வாயில வைக்காமலே இப்படி வருதுன்னா அது கைப்பக்குவம் இல்லக்கா, தெய்வ அனுக்கிரகம்" என்று பாசார் மாலாம் இரவுச் சந்தையில் ஒரு பெண் அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னபோது, அந்தக் கையை எங்கே ஒளித்துவைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. வெள்ளிக்கிழமை கோயிலில் திருநீறு வாங்கக்கூட இடது கையால் தாங்கி வலது கையை நீட்டக் கூசியது. ஆனாலும் நிறுத்தவில்லை. நல்ல பேர் வந்த பிறகு அதை விடுவது லேசில்லை.

சிவநேசன் என்று ஒருவர் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் இருந்து கூப்பிட்டார். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இராஜம்மாவுக்கு முதல் வருஷத் தெவசம். மகன் ஆஸ்திரேலியாவில். மனைவிக்குப் பிடித்தது கத்திரிக்காய்ப் புளிக்குழம்பு, உளுந்து வடை, பாசிப்பருப்புப் பாயசம் என்றார். கடைசியில் கொஞ்சம் தயங்கி, ஒரு கிளாஸ் மைலோவும் வைக்கலாமா என்று கேட்டார். தாராளமாக வைக்கலாம் என்றாள். மோட்டார் சைக்கிள் டெலிவரியில் அனுப்பட்டுமா என்றதற்கு அவர் ஒத்துக்கொள்ளவில்லை. அந்த டெலிவரிப் பையில் அதற்கு முன்னால் எந்த இறைச்சி போனதோ, சுத்தமான சாப்பாட்டை அதில் வைக்க வேண்டாம், நானே வருகிறேன் என்றார். "உங்க பேஸ்புக் பக்கத்துல போட்டிருந்ததைப் பாத்துத்தாம்மா கூப்பிட்டேன். வாயில வைக்காம சமைக்கிறவங்க இப்ப யாரு இருக்கா?"

சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டார். நல்லம்மாளுக்குத் தெரியாது. திரையை இழுத்துவிட்டுக் குழம்பை உள்ளங்கையில் விட்டு நாக்கில் வைத்த நேரம், கிரில் கதவுப் பக்கம் நிழலாடியது. திரும்பினாள். வெள்ளை வேட்டியில் அவர் நின்றார். அவளைப் பார்த்தவர் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அதற்குப் பிறகு அவர் பேசியது ஒன்றோ இரண்டோ வார்த்தைதான். பையை வாங்கினார், கும்பிட்டார், போனார். கார் போன பிறகும் உள்ளங்கை ஈரம் காயாமல் இருந்தது போல இருந்தது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். தூக்கி எறிந்திருந்தால் பொறுக்கியிருப்பாள். அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் எச்சிலை வாங்கிக்கொண்டு போய்விட்டாரே, இனி அந்த மனுஷர் மனைவி படத்துக்கு முன்னால் எதைக் கொண்டுபோய் வைப்பார்?

அப்போதுதான் அவள் மறுபடி அடுப்பை மூட்டினாள். திரை திறந்தே இருந்தது. ஒரு வீட்டுக்கு மட்டும், சின்னச் சட்டியில், எதையும் நாக்கில் வைக்காமல் எல்லாவற்றையும் திரும்பச் சமைத்தாள். நடுவில் அவருக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை. சாப்பாட்டை அடுக்குச் சட்டியில் கட்டிக்கொண்டு கிள்ளான் ஸ்டேஷனில் கொமுட்டர் ரயில் ஏறினாள். யார் காலாவது படும் என்று சட்டியைக் கீழே வைக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டாள். சூடு தொடையில் ஏறியது. என்ன சொல்வது என்று வழியெல்லாம் வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். 'அண்ணே, நான் தப்புப் பண்ணிட்டேன். அதை எடுத்துடுங்க. இதை வைங்க.' சின்ன வார்த்தைகள்தான். பிரிக்பீல்ட்ஸ் பக்கத்துக் கேஎல் சென்ட்ரலில் இறங்கும்போது மனப்பாடமாகியிருந்தது.

ஆர்டர் எடுத்தபோது எழுதி வைத்த விலாசத்தைத் தேடிப் போனாள். சிவநேசனின் பிளாட் கதவு திறந்தே கிடந்தது. சாம்பிராணி வாசம் படிக்கட்டு வரைக்கும் வந்தது. உள்ளே எல்லாம் முடிந்துவிட்டிருந்தது. மாலை போட்ட படத்துக்கு முன்னால் இலை, இலைக்குப் பக்கத்தில் மைலோ கிளாஸ். படத்தில் சாய்த்து வைத்திருந்த கைப்பேசியை அப்போதுதான் எடுத்துக்கொண்டிருந்தார் சிவநேசன். மகன் அதில்தான் கும்பிட்டிருக்கிறான்.

அவளைக் கண்டதும் அவருக்கு ஆச்சரியம். "வாம்மா, வா. இவ்வளவு தூரம் எப்படி வந்த?"

"அண்ணே, காலையில நீங்க..." என்று ஆரம்பித்தாள்.

"தப்பா நெனச்சுக்காதம்மா. வாசல்ல அந்தப் புளிக்குழம்பு வாசம். அவ நிக்கிற மாதிரியே இருந்துச்சு. கண்ணு தளும்பிடுச்சு. பொம்பளைங்க முன்னாடி அழ வெக்கமா இருந்துச்சு, மூஞ்சியத் திருப்பிக்கிட்டேன். உன் மனசு சங்கடப்பட்டிருக்கும்னு வரும்போதே நெனச்சேன்."

அவள் நாக்கில் வைத்ததை அவர் பார்க்கவே இல்லை.

அவர் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனார். பால்கனியில் காக்கைக்குப் படையலில் கொஞ்சம் வைத்துக் கையைத் தட்டக்கூட இல்லையாம், காக்கை வந்து நின்றதாம். வடையைத்தான் முதலில் எடுத்ததாம். இராஜம்மாவும் அப்படித்தானாம், குழம்பை விட்டுவிட்டு வடையில் ஆரம்பிப்பாளாம். ஒரு வருஷமாக மனசில் இருந்த பாரம் இன்றைக்குத்தான் இறங்கியதாம். சொல்லச் சொல்ல அந்த வயசான முகம் பிள்ளை முகம் மாதிரி தெளிந்தது.

மனப்பாடம் பண்ணிய வார்த்தைகள் நாக்கு நுனியில் இருந்தன. சொன்னால் தன் பாரம் இறங்கும். அவர் தலையில் ஏறும். சொல்லாவிட்டால் அவள் வாழ்நாள் முழுக்க இந்த வீட்டுக் காக்கை அவள் தொண்டையில் உட்கார்ந்திருக்கும்.

"சட்டியில என்னம்மா?"

"கொஞ்சம் அதிகமா சமைச்சுட்டேண்ணே" என்றாள். "வீட்டு ஆளுங்க சாப்பிடட்டும்னு கொண்டாந்தேன்."

"வீட்டு ஆளுன்னா நான்தான். சரி, உக்காரு. நீயும் சாப்பிட்டுத்தான் போகணும்."

மறுத்தும் விடவில்லை. சட்டியில் இருந்ததைத் தன் பாத்திரத்தில் மாற்றி வைத்தார். தன் கையாலேயே இலை போட்டுப் படையல் சாப்பாட்டைப் பரிமாறினார். நல்லம்மாள் குனிந்து சாப்பிட்டாள். ஒவ்வொரு வாயும் அளவான உப்போடு இருந்தது. நாக்கில் வைத்துப் பார்த்துச் செய்த குழம்பு அல்லவா. இப்படி ருசியாக வந்துவிட்டதே என்று அவளுக்கு அந்த ருசியே அவமானமாக இருந்தது.

கிளம்பும்போது அவர் சொன்னார்: "அடுத்த வருஷமும் நீதாம்மா செய்யணும்."

"அடுத்த வருஷம் நான் இங்கயே வந்து சமைக்கிறேண்ணே. உங்க அடுப்புல. நீங்க பக்கத்துல இருந்து பாக்கணும்."

"எதுக்கும்மா அவ்வளவு சிரமம்?"

"இல்லண்ணே. அப்படித்தான் செய்யணும்."

அவருக்கு விளங்கவில்லை. ஆனால் சந்தோஷமாகத் தலையாட்டினார்.

திரும்பும் ரயிலில் உட்கார இடம் கிடைத்தது. நல்லம்மாள் மாதவிக்குப் போன் போட்டாள். பேஸ்புக்கில் மேலே இருக்கிற அந்த வரியை எடுத்துவிடு என்றாள்.

மாதவி ஆபீஸ் அவசரத்தில் இருந்தாள். எந்த வரி என்று கேட்டாள். தெரிந்ததும், அந்த வரிக்காகத்தானே ஆள் வருகிறது, அதை எடுத்தால் நம்மிடம் எதற்கு வருவார்கள் என்றாள். யாராவது ஏதாவது எழுதினார்களா என்றாள்.

"யாரும் எழுதல. எடுத்துடு. அது உண்மை இல்ல."

அந்தப் பக்கம் தட்டச்சு சத்தம் நின்றது.

"உண்மை இல்லன்னா?"

"நான் வாயில வச்சுப் பாக்குறேன் மாதவி. அந்த ஷா ஆலாம் ஆர்டர்ல இருந்து. எல்லாத்தையும்."

எதிர் சீட்டில் இருந்த மலாய்க்காரப் பெண் கைப்பேசியில் இருந்து நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டாள். ரயில் ஒரு ஸ்டேஷனில் நின்று கதவு திறந்து மூடியது. மாதவி பேசியபோது அது தொழில் பார்க்கிறவள் குரலாக இல்லை. சின்னப் பிள்ளையில் கோயிலுக்குள் செருப்போடு போய் அம்மாவிடம் அடி வாங்கியவளின் குரலாக இருந்தது.

"நீயாம்மா?"

நல்லம்மாள் காலிச் சட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "ஆமா, நாந்தான்" என்றாள்.