மேடம் கேட்ட கல்யாணப் போட்டோ

மூன்று வருடங்களுக்கு முன்பு, ரெட்டியார்பாளையத்தில் இருக்கும் என் தையல் கடையில் நடந்தது இது. நான் ஐந்தாவது வரைதான் படித்தவன். கூச்ச சுபாவம் வேறு. அளவு எடுக்கும்போதுகூட டேப்பைத்தான் பார்ப்பேன், ஆளைப் பார்க்க மாட்டேன்.

ஒரு மேடம் தன் ஆராய்ச்சிக்கூடத்துப் பிள்ளைகளுக்காக ஆறு வெள்ளைக் கோட்டுகள் தைக்கக் கொடுத்திருந்தார். வாங்க வந்த அன்று ஒரு கோட்டின் கை நீளம் என்றார். உடனே சரிசெய்ய உட்கார்ந்தேன். கத்திரிக்கோல் வளையத்துக்குள் என் கட்டைவிரல் நுழையவில்லை. சில மாதங்களாகவே அப்படித்தான், நுனியை மட்டும் கொடுத்து வெட்டிக்கொண்டிருந்தேன். மேடம் கோட்டைப் பார்க்கவில்லை, என் கையையே பார்த்தார்.

"மோதிரம் ஏதாச்சும் போட்டிருந்தீங்களா பாய்?"

"வெள்ளி மோதிரம்மா. இறுகிப்போச்சுன்னு அறுத்து எடுத்துட்டேன்."

செருப்பு அளவையும் கேட்டார். எட்டாம் நம்பர் பத்தாகியிருந்தது. அதைச் சொன்னதும், "கல்யாணத்தப்ப எடுத்த போட்டோ இருந்தா காட்டறீங்களா?" என்றார். எனக்குக் காது சூடாகிவிட்டது. சும்மா தலையை ஆட்டி வைத்தேன்.

வீட்டில் சொன்னதுதான் தப்பு. என் மனைவிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "இந்த மூஞ்சிக்கு ஒரு மேடம் போட்டோ கேக்குறாங்களா? நானே கேட்டதில்லியே!"

அடுத்த வாரம் மேடம் வந்தபோது மறந்துவிட்டேன் என்றேன். அதற்கடுத்த முறை ஸ்கூட்டரைப் பார்த்ததுமே பின்பக்கம் போய் நின்றுகொண்டு, கடையில் இல்லை என்று சொல்லும்படி பக்கத்து டீக்கடைக்காரரிடம் கையைக் காட்டினேன்.

மூன்றாவது முறை என்னால் தப்பிக்க முடியவில்லை. சாப்பாடு கொண்டுவந்த மனைவி கடையில் இருந்தாள். போட்டோ அவள் போனிலேயே இருந்தது. மேடம் அதை என் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்தார். சிரித்துக்கொண்டே எட்டிப் பார்த்தவளின் சிரிப்பு நின்றுவிட்டது.

"என்னாங்க, இது வேற ஆளு மாதிரில்ல இருக்கு?"

மூக்கும் தாடையும் பெருத்திருந்தன. தினமும் பார்க்கிற எங்கள் கண்ணுக்கு அது தெரியவே இல்லை.

"நான் வைத்தியம் பாக்குற டாக்டர் இல்ல, ஆராய்ச்சி பண்றவ," என்றார் மேடம். "மூளைக்குக் கீழ ஒரு சின்ன சுரப்பி இருக்கு. அதுலேருந்து கிளம்பற சுரப்பு ரத்தத்துல போயி, எலும்பு, தசைன்னு அங்கங்க இருக்கிற பிடிப்புல மாட்டுது. அந்தப் பிடிப்பைத்தான் இத்தனை வருஷமா பாத்துக்கிட்டிருக்கேன்."

"பட்டனும் காஜாவும் மாதிரிங்களா?" என்று கேட்டுவிட்டேன்.

"அதேதான்! உங்க உடம்புல பட்டன் அளவுக்கு மேல வருதுன்னு சந்தேகப்படறேன்."

மறுநாள் அவரே கூட வந்து அரசு ஆஸ்பத்திரியில் எங்களோடு வரிசையில் உட்கார்ந்தார். ரத்தமும் ஸ்கேனும் பார்த்த டாக்டர்கள், அந்தச் சுரப்பியில் கட்டி இருக்கிறது, கண் நரம்பை அழுத்தத் தொடங்கிவிட்டது என்றார்கள். நான் அடிக்கடி கதவு நிலையில் இடித்துக்கொண்டது அதனால்தானாம். இன்னும் தள்ளிப்போட்டால் பார்வை போகலாம் என்றார்கள். பார்வை இல்லாத தையல்காரன் என்ன செய்வான்? என் மனைவி மேடத்தின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

மூக்கு வழியாகவே ஆபரேஷன் செய்தார்கள். எடுக்க முடியாமல் மீதமிருந்த கட்டிக்கு மாதம் ஒரு ஊசி. அது அந்தக் கட்டியிலேயே இருக்கிற வேறொரு காஜாவில் மாட்டிக்கொண்டு, 'போதும், நிறுத்து' என்று சொல்லுமாம். பெருத்த எலும்பு சுருங்கவில்லை. ஆனால் விரல் வீக்கம் வற்றியது, கண் தப்பியது. இன்றும் ஊசியில் நூலை நானேதான் கோக்கிறேன்.

இப்போதெல்லாம் அளவு எடுத்து முடித்ததும், கூச்சத்தை விட்டு ஒரு தடவை ஆளின் முகத்தை நன்றாகப் பார்க்கிறேன். ஒளிந்துகொண்டவனைக்கூட விடாமல் தேடி வந்து பார்த்தாரே ஒருவர், அவருக்கு நான் செய்யக்கூடியது அது ஒன்றுதான் என்று தோன்றுகிறது.