கண்ணாத்தாளின் தவிட்டுக் கஞ்சி

ஆலங்குடிக் கஞ்சித் தொட்டியில் கண்ணாத்தாள் கஞ்சி காய்ச்சும் அண்டாவில் ஓர் எருமை குளிக்கலாம். கன்றையும் கூட்டி வரலாம். யுத்தப் பஞ்சத்தில் முந்நூறு பேருக்கு அதுதான் சாப்பாடு. அவள் அகப்பையை ஓங்கினால் கோணல் வரிசை தானாக நேராகிவிடும்.

தொட்டிக்கு ஐந்து பேர் கமிட்டி. அதில் நான்கு பேர் கொட்டாவி விடுவதென்றாலும் ஐந்தாமவர் முகத்தைப் பார்த்துத்தான் விடுவார்கள். அந்த ஐந்தாமவர் ரைஸ்மில் முதலாளி ஆண்டியப்பன். கைக்குத்தல் அரிசியில் கல் கிடக்கிறது, இனி மில் அரிசிதான் என்று தீர்மானம் போட்டார்கள். வந்தது நான்கு தரம் தீட்டிய பச்சரிசி. அது கிடந்த மூலைக்கு விளக்கே வேண்டாம், அத்தனை வெள்ளை. சனங்களுக்கும் பெருமைதான், தினமும் கல்யாணச் சோறு என்று.

ஆறாம் மாதம் கண்ணாத்தாள் புருஷன் மலையாண்டிக்குக் கால் மரத்து, முள் ஏறியதே தெரியவில்லை. கால் பூசணிக்காயாக வீங்கிக் கிடந்தது. வரிசையில் இன்னும் பத்துப் பேருக்கு அதே கால். ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் சூசைராஜ் அழுத்திப் பார்த்துவிட்டு, தவிட்டோடு சத்தையும் சீவித் தள்ளியாயிற்று, இப்படியே விட்டால் நெஞ்சைப் பிடிக்கும் என்றார்.

சீவிய தவிடு எங்கே போகிறதென்று கண்ணாத்தாள் தேடிப் போனாள். ஆண்டியப்பன் தொழுவத்தில் இருந்தது. அதைத் தின்ற வண்டிமாடுகள் கோயில் மதிலை எட்டிப் பார்க்கும் உயரம். மிச்சத் தவிடு மூட்டை மூட்டையாக விலைக்குப் போய்க்கொண்டிருந்தது.

மறுநாள் தொட்டியில் அடுப்பு எரியவில்லை. அண்டாவை மில் வாசலுக்கு உருட்டினாள். சத்தம் இலுப்பூருக்கே கேட்டிருக்கும். பின்னால் முந்நூறு பேர், தட்டோடு. வாசலை அடைத்து உட்கார்ந்தார்கள்.

ஆண்டியப்பன் வந்தார். "என்ன ஆத்தா, வெள்ளைச் சோறு கசக்குதா?"

"இனிக்குதுங்க. ஒங்க மாடும் எம்புருசனும் ஒரே நெல்லுதான் திங்குது. மாடு ஓடுது, மனுசன் எந்திரிக்க மாட்டேங்குது."

"தீர்மானம் போட்டாச்சு. மாத்தணும்னா கமிட்டி கூடணுமே."

"கூடட்டுங்க. அஞ்சு பேருக்கும் இங்கிட்டே எலை போடுறேன். ஆறு மாசம் இதே கஞ்சியக் குடிங்க. அப்புறமா நடந்து போயி மாத்துங்க."

அவர் சிரித்துவிட்டு உள்ளே போனார். உச்சி வேளைக்குள் நெல் வண்டிகள் தெருக்கோடி வரை நின்றன. ஒன்றும் உள்ளே நுழைய முடியவில்லை. அதற்குப் பிறகு அவருக்குச் சிரிப்பு வரவில்லை. கமிட்டி மில்லுக்குள்ளேயே கூடியது. இனி தொட்டிக்கு ஒரு தரம் தீட்டிய அரிசி, நாளுக்கு ஒரு மூட்டை தவிடு.

கண்ணாத்தாள் அங்கேயே அடுப்புக் கூட்டினாள். கஞ்சி செம்மண் நிறத்தில் கொதித்தது. மாட்டுக் கஞ்சி என்று வரிசை முணுமுணுத்தது. அகப்பை ஓங்கியதும் முணுமுணுப்பு நின்றது. முதல் தட்டு மலையாண்டிக்கு. அவன் முகத்தைச் சுளித்துக் குடித்து முடித்தான். அவள் இன்னும் இரண்டு அகப்பை ஊற்றினாள்.